யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு எந்தச் சவரப் பிரஷ் நல்லது?

நுரை சரியாக வருவதில்லை, பிரஷின் முடியும் கொட்டுகிறது, வேறு என்ன பிரஷ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் என்றால் நான் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரையைக் கெடுத்து, பிரஷின் அடிமுடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரை மேலாக வடித்தெடுத்துக் குழைத்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் இன்னும் நல்லது.

பிரஷ் என்றால் செயற்கை இழைதான் என் தேர்வு. பழைய கரடுமுரடான நைலோன் அல்ல, இப்போது வருகிற மெல்லிய இழை. ஊறவைக்கத் தேவையில்லை, மாரியிலும் சீக்கிரம் காயும். பன்றிமுடி மலிவு, தாடியை நன்றாகத் தேய்த்து நிமிர்த்தும். ஆனால் சில நிமிடம் ஊறவேண்டும், நுனி பிளந்து மிருதுவாக வாரக்கணக்கில் எடுக்கும். பாட்ஜர் என்ற விலங்கின் முடி தண்ணீரை அருமையாகப் பிடிக்கும், விலைதான் கூட.

கடையில் பிரஷை உள்ளங்கையில் அழுத்திச் சுழற்றுங்கள். விட்டதும் சட்டென்று நிமிர வேண்டும். முடியை விலக்கிப் பார்க்கும்போது அடிப்பசை தெரிகிற அளவுக்கு ஐதாக இருந்தால் வேண்டாம். முடிக்கட்டின் விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் போதும். அதைவிடப் பெரியது மூக்கடியில் இடைஞ்சல். புதிதில் இரண்டொரு முடி உதிரும். தொடர்ந்து கொட்டினால் ஒட்டு சரியில்லை, மாற்றிவிடுங்கள்.

அப்புறம், சவரம் முடிந்ததும் அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். இடைக்கிடை வினாகிரி கொஞ்சம் கலந்த தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டால் படிந்த வெள்ளை கழன்றுவிடும்.