அந்தப் பெரியவர் கேட்டது

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொழுநோயர் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்று, பாடல்கள் பாடி, கேக்கும் கம்பளியும் கொடுத்து வருவது வழக்கம். இம்முறை ஒரு பெரியவர் கம்பளியை வாங்க மறுத்துவிட்டார். “எனக்கு நோய் தீர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. இன்னும் எதற்கு என்னைப் பார்க்க வருகிறீர்கள்?” என்று கேட்டார். மனம் உடைந்துவிட்டது. மதம் மாற்ற வருகிறோம் என்று ஊரில் வேறு பேசுகிறார்கள். இந்த ஊழியத்தைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

மதமாற்றப் பேச்சை விடுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் கேக் கொடுத்து யாரையும் எந்த மதத்துக்கும் மாற்றிவிட முடியாது. கடிதத்தோடு அனுப்பிய புகைப்படங்களையும் நான் வெளியிடப்போவதில்லை. அந்தப் பெரியவரின் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் பால் பிராண்டின் தொடக்கக்கால நோயாளிகளைப் பற்றிச் சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய முறையீடும் ஏறத்தாழ இதுதான்.

1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பிராண்ட், 1946இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்டவர், செயலிழக்காத தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்து அவற்றை நிமிர்த்தினார். இது நம் சபைகளில் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்லப்படுவது. அதற்குப் பின் நடந்ததை யாரும் சொல்வதில்லை. கை நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து, மடங்கிய கையை நீட்டியபோது விழுந்த காசு நிமிர்ந்த கைக்கு விழுவதில்லை என்றும், உடம்பில் நோயின் தடம் இருப்பதால் வேலையோ தங்க இடமோ தர ஆளில்லை என்றும் முறையிட்டார்கள். பிராண்ட் இதை நன்றிகெட்டதனமாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் எழுப்பி, நவஜீவ நிலையம் என்று பெயரிட்டு, தச்சு வேலையும் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுத்தார்.

அங்கேதான் அவர் இன்னொன்றையும் உறுதிப்படுத்திக்கொண்டார். விரல்கள் அழுகி உதிர்வதில்லை; வலி தெரியாததால், சுத்தியலின் பிடியிலும் அடுப்பின் சூட்டிலும் காயப்பட்டுக் காயப்பட்டுக் குறைந்துபோகின்றன. ஒவ்வொரு கொப்புளத்துக்கும் காரணம் தேடினார்கள். எந்த வேலையும் செய்யாதபோதும், இரவுக்குள் ஒரு விரலின் துண்டு எப்படிக் காணாமல் போகிறது என்பது மட்டும் புரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் உணர்வற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அதைத் தீர்த்தார்கள். தம்பி, நீங்கள் விநியோகித்த அத்தனை கம்பளிகளையும்விட அந்தப் பூனை எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. ஒருவருக்குத் தேவை பூனை என்று தெரிந்துகொள்ள, அவர் தூங்கும் இடத்துக்கு அருகில் நாமும் விழித்திருந்தாக வேண்டும். நம் தென்மாவட்டத்து வெக்கையில் கம்பளி யாருக்குத் தேவைப்பட்டது என்று நீங்கள் ஒருமுறையாவது கேட்டீர்களா?

என் சிறுவயதில் எங்கள் கோவிலுக்கு, நோய் முற்றிலும் தீர்ந்த ஒருவர் வந்துகொண்டிருந்தார். வெளி வராந்தாவில்தான் உட்காருவார். நற்கருணைப் பாத்திரம் எல்லோரும் பருகி முடித்த பிறகே அவரிடம் போகும். எங்கள் ஆச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவருக்குப் பின்னால்தான் பாத்திரத்தை வாங்குவார். ஆச்சியை இளகிய மனசுக்காரி என்று யாரும் சொன்னதில்லை. அதே மனிதரோடு கோழி வளர்ப்பு பற்றித் தெருவில் நின்று சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன். சண்டையிலும் அவரை மற்றவர்களைப் போலவே நடத்தினார்.

இயேசு குஷ்டரோகியைத் தொட்டு, “எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு” என்றதை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் தொழுநோயைத் தீர்க்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இலேயே பரிந்துரைத்துவிட்ட பிறகும், 2001இல் இந்தியக் கிறிஸ்தவர்களின் மணமுறிவுச் சட்டம் திருத்தப்பட்டபோது, ‘தீராத’ தொழுநோய் மணமுறிவுக்கான காரணமாக அதில் சேர்க்கப்பட்டது. 2019இல்தான் அது நீக்கப்பட்டது. தீர்க்கக்கூடிய நோயைத் தீராதது என்று சொல்லும் சட்டத்தின் கீழ் பதினெட்டு ஆண்டுகள் நாம் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நம் பிரசங்கங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. தொடருங்கள், ஆனால் இந்த வடிவத்தில் வேண்டாம். கம்பளிக் காசை மிச்சம் பிடித்து, டிசம்பர் வரை காத்திராமல், ஞாயிறு காலையில் அந்தக் குடியிருப்புக்கு ஒரு வேன் அனுப்புங்கள். வர விருப்பமுள்ளவர்களை ஆராதனைக்கு அழைத்து வந்து, வராந்தாவில் விடாமல் உங்கள் குடும்பங்களுக்கு நடுவே உட்காரச் செய்யுங்கள். அந்தப் பெரியவருக்கு வர விருப்பமில்லையென்றால், அவரை வற்புறுத்தவும் உங்களுக்கு உரிமையில்லை. இந்த யோசனையைச் சபைக் கமிட்டியில் வைத்தால் யார் யார் எழுந்து என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கும் கட்டாயம் பதில் எழுதுவேன்.