உகாண்டா போக மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? வயதான அம்மாவுக்கு ஊசி போடாமல் கார்டு மட்டும் வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ஏஜென்ட் பேச்சை நானும் அப்படியே கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அம்மா, எனக்கு மாமியார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிவது: தம்பி கம்பாலாவில் வேலை பார்க்கிறார், 64 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சில வாரம் தங்கிவிட்டு வரப் போகிறீர்கள், பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, டிக்கெட் போட்டாயிற்று. அப்படியென்றால் நேரம் இன்னும் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை.

ஊசி கட்டாயம்தான். உகாண்டாவின் ஆன்லைன் விசா விண்ணப்பத்திலேயே, ஊசி போட்டதற்குச் சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் கார்டின் நகலைக் கேட்பார்கள், எண்டெபே விமான நிலையத்தில் இறங்கியதும் மறுபடி கேட்பார்கள். போகும்போது யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையச் சுகாதார அதிகாரி பார்ப்பார். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சரியான சான்றிதழ் இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க இங்கே சட்டம் இருக்கிறது. இந்தியா இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது, டெங்குவைப் பரப்பும் அதே கொசு. வைரஸ் மட்டும்தான் இன்னும் இங்கே வரவில்லை. 2016-ல் அங்கோலாவில் இந்தக் காய்ச்சல் பரவியபோது அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்கள் 11 பேர் நோயோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவுக்குள் மஞ்சள் காய்ச்சல் வந்தது அதுதான் முதல் தடவை. அங்கே நல்லவேளையாகப் பரவவில்லை. நம் ஊரில் ஒரு மழைக்காலத்தில் அப்படி ஒருவர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் கதை. என் கணவர் கம்பாலாவில் ஒரு இரும்பு ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். நான், மகள், மாமியார் மூன்று பேரும் போய்ச் சேர்ந்து இருப்பதாக முடிவு. மாமியாரைக் கூட்டிப்போக வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் புரியும். அத்தைக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. பிறந்த தேதிக்கு எந்த ஆதாரமும் இல்லாமல் அலைந்து, நான்தான் கூட இருந்து வாங்கிக் கொடுத்தேன். கம்பாலா கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி குளிரும் என்று ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்திருந்தேன்.

அத்தைக்கு 67 வயது. பல வருடமாக முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். அதற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், கூடவே தினமும் ஸ்டீராய்டு. ஊசி போடும் மையத்துக்குப் போனபோது அவருடைய மாத்திரை டப்பாவையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஊசியை எடுக்கவே இல்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். இந்தத் தடுப்பூசி வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். 1930-களில் மேக்ஸ் தைலர் உருவாக்கிய 17டி என்ற அதே வகைதான் இன்றைக்கும் போடப்படுகிறது, அதற்காக அவருக்கு 1951-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிக நல்ல தடுப்பூசி, ஒருமுறை போட்டால் போதும். ஆனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வலுவிழந்த வைரஸே தொல்லை கொடுக்கலாம். 60 வயது தாண்டியவர்களுக்கு முதல்தடவை போடும்போது கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். அரிதுதான், ஆனால் வந்தால் கல்லீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். வயது ஒன்று மட்டும் என்றால் யோசித்துப் போடலாம், இந்த மாத்திரைகளோடு சேர்த்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். முட்டை அலர்ஜி கடுமையாக உள்ளவர்கள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், கைக்குழந்தைகள் என்று இன்னும் சிலருக்கும் போடமாட்டார்கள்.

விலக்குச் சான்று எழுதி வாங்கலாமா என்று கேட்டேன். எழுதித் தரலாம், ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த நாட்டு அதிகாரிகள் கையில் என்றார். அதைவிட முக்கியமாக இன்னொன்று சொன்னார்: கடிதத்தைக் கொசு படிக்காது. பாதுகாப்பு இல்லாமல் அந்த ஊரில் மாதக்கணக்கில் இருக்கப் போவது அத்தைதான். இந்த நோய்க்கு என்று தனி மருந்து கிடையாது. கடுமையான கட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். முடக்குவாதம் பார்க்கும் டாக்டரிடமும் கேட்டோம். ஊசிக்காக அந்த மருந்துகளை மாதக்கணக்கில் நிறுத்துவது சரியில்லை என்று அவரும் சொன்னார்.

இங்கேதான் ஏஜென்ட் வந்தார். "மேடம், இதுக்குப் போய் கவலைப்படுறீங்களே. அம்மாவுக்கு ஊசியே வேணாம். முத்திரை, கையெழுத்து, பேட்ச் நம்பர் எல்லாம் போட்டு கார்டு வீட்டுக்கே வரும்." மையத்தில் கட்டும் சில நூறு ரூபாயைவிடப் பல மடங்கு கேட்டார். என் நாத்தனாருக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. "எல்லாரும் அப்படித்தானே போறாங்க, நீ மட்டும் ஏன் இப்படி?" என்றார். நான் முடியாது என்றேன். அந்தக் கார்டோடு போய், அங்கே அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அங்குள்ள டாக்டர் கார்டைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டிருக்கிறார், மஞ்சள் காய்ச்சலாக இருக்காது" என்று வேறு எதையோ தேடுவார். பொய்க் கார்டில் எனக்குப் பெரிய பயமே அதுதான். மாட்டிக்கொள்வது, வழக்கு எல்லாம் அதற்கு அப்புறம்.

கடைசியில் அத்தை மன்னார்குடியில் நாத்தனார் வீட்டில் இருந்தார், நானும் மகளும் போனோம். அதற்கு நான் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், என் காதுபடவே சொன்னார்கள்: "ஊசியைச் சாக்கு வெச்சு மாமியாரைக் கழட்டி விட்டுட்டா." இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு மருமகள் மாமியாரின் உடம்பைப் பற்றிக் கவலைப்படக்கூடாதா? மகன் இதே முடிவை எடுத்திருந்தால் "அம்மா மேல எவ்வளவு அக்கறை" என்றிருப்பார்கள். எனக்காகப் பேசியது அத்தை மட்டும்தான். "என் மாத்திரையைப் பாத்துட்டு டாக்டரே வேணாம்னாரு, அவ என்ன பண்ணுவா?" என்று அந்தப் பந்தியிலேயே திருப்பிக் கேட்டார். நாத்தனார் அதற்குப் பதில் சொல்லவில்லை, இன்றுவரை.

நான் டாக்டர் இல்லை. "அறுபது தாண்டினவங்க எத்தனையோ பேர் போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். உண்மைதான், நானும் அப்படிப் பலரைக் கம்பாலாவில் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்குப் போடலாமா என்பதை நானோ ஏஜென்டோ சொல்ல முடியாது, அவருடைய மருந்துச் சீட்டைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வெறும் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றால் பெரும்பாலும் யோசித்துவிட்டுப் போட்டுவிடுவார்கள். ஊசியே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் என் பதிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நானும் மகளும் போட்டுக்கொண்டோம், கை கொஞ்சம் வலித்தது, வேறொன்றும் இல்லை.

கார்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொரு ஆத்திரமும் வருகிறது. எந்தப் படிவத்தைத் திறந்தாலும் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் அப்பா பெயர், கணவருக்கு அவர் அப்பா பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். எண்டெபேயில் அதிகாரி மூன்று பெயரையும் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தை யாருடையது என்று என்னையே கேட்டார். கம்பாலாவில் என் கணவரை அலுவலகம் முழுக்க என் மாமனார் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. கோடிக்கணக்கான பேர் இப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் உலகத்தில் ஒரு படிவத்துக்கும் அது தெரியவில்லை. சரி, அது வேறு பஞ்சாயத்து.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், ஆகவே வருகிற வாரத்துக்குள் போட்டாக வேண்டும். மத்திய சுகாதாரத் துறை அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள், தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் இருக்கின்றன, தூத்துக்குடியிலும் துறைமுகச் சுகாதார அலுவலகம் உண்டு. மருந்துப் புட்டியைக் கலக்கினால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாட்களில், ஆட்களைச் சேர்த்து வைத்துத்தான் போடுவார்கள். போவதற்கு முன் விசாரித்துப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள், 60 தாண்டியவர்களிடம் பெரும்பாலும் கேட்பார்கள். முன்பு 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்ட கார்டு ஆயுள் முழுக்கச் செல்லும், பத்திரமாக வையுங்கள்.

குழந்தைகள் கூட வந்தால் எம்.எம்.ஆர் (தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா தடுப்பூசி) தவணை பாக்கி இருக்கிறதா பாருங்கள். இரண்டும் உயிருள்ள வைரஸ் ஊசி, ஒரே நாளில் போடாவிட்டால் 4 வாரம் இடைவெளி விடச் சொல்வார்கள். என் மகளுக்கு இதனால்தான் பயணத் தேதியையே தள்ளினோம். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மலேரியாவுக்கு நம்மைப்போலப் போய்வருகிறவர்களுக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான். அதைக் கிளம்புவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். பலர் ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று, டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை மையத்துக்குப் போவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். அம்மாவுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் நேரத்தில் அந்தப் பணம் எவ்வளவு என்று தெரியாமல் நின்றால், வீட்டில் எல்லோரும் மறுபடி ஏஜென்டுக்குத்தான் போன் போடச் சொல்வார்கள். தம்பியிடமும் இன்றைக்கே பேசுங்கள், அம்மா போக முடியாவிட்டால் அவர் இங்கே வந்து பார்க்க லீவு கிடைக்குமா என்று.