காந்தம் சாகவில்லை, ஓரத்து ஃபோம்தான் போயிற்று

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கின்றன. வாங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாகத் தாழ்ந்த சுரங்கள் வரும்போது வலப்பக்கப் பெட்டியில் 'கரகர'வென்று ஓர் ஒலியும் சேர்ந்து வருகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "காந்தம் சக்தி இழந்துவிட்டது, ஸ்பீக்கரின் ஆயுளே பத்து ஆண்டுதான்" என்கிறார். பழையவற்றை அவரே எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு புதிய பெட்டிகள் தருவதாகவும் சொல்கிறார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்த நுட்பமெல்லாம் தெரியாது. கொடுத்துவிடலாமா? உண்மையில் ஒரு ஸ்பீக்கர் எத்தனை ஆண்டு உழைக்கும்?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. ஆயுள் கணக்கைப் பிறகு பார்ப்போம். அந்த மெக்கானிக் வண்டியோடு வந்து நின்றால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

முதலில் காசில்லாத ஒரு சோதனை. ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு, அதன் பின்புறத்தில் வலப்பக்க ஸ்பீக்கர் ஒயரை இடப்பக்கத்திலும் இடப்பக்கத்தை வலப்பக்கத்திலும் மாற்றிச் செருகுங்கள். மறுபடி அதே பாட்டைப் போடுங்கள். கரகரப்பு இடப்பக்கப் பெட்டிக்குத் தாவிவிட்டால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முந்தைய கருவியிலோ இருக்கிறது. அதே வலப்பக்கப் பெட்டியில் நின்றால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. உங்கள் மெக்கானிக் இதைச் செய்தாரா என்று கடிதத்தில் இல்லை; செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, பெட்டியின் முன்பக்கத் துணித் தட்டியைக் கழற்றி, டார்ச் அடித்து ஊஃபரைப் பாருங்கள். தாழ்ந்த சுரங்களைப் பாடும் பெரிய ஸ்பீக்கர் அதுதான். நடுவில் காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கூம்பு. அதைக் கோன் என்கிறோம். அதைச் சுற்றி உலோகச் சட்டம். இரண்டையும் இணைத்துக்கொண்டு அரைவட்டமாகப் புடைத்த ஒரு வளையம் ஓடும். பிரச்சினை அங்கேதான் இருக்கும். அந்த வளையம் ரப்பராக இருந்தால் வழவழவென்று, மிதிவண்டி டியூபைத் தொடுவது போல இருக்கும். ஃபோமாக இருந்தால் நுண்துளைகள் தெரியும். விரல் நுனியால் மிக மெதுவாகத் தொடுங்கள். நல்ல ஃபோம் அமுங்கி எழும். போன ஃபோம் கரிப்பொடியாக உதிரும், அல்லது தார் போல விரலில் ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் ஏற்கெனவே கிழிந்து, உள்ளேயிருக்கும் இருட்டு தெரியும்.

கரகரப்பு வருவது இதனால்தான். கோனின் அடியில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வாய்ஸ் காயில் என்பார்கள். காந்தத்தின் குறுகிய வளைய இடைவெளிக்குள் அது மேலும் கீழும் ஓடுகிறது. இரு பக்கமும் அதற்கு இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கோனை நடுவில் பிடித்து நிறுத்துவதில் அந்த ஓர வளையத்துக்கும் பங்கு உண்டு. வளையம் ஒரு பக்கம் அறுந்தால் கோன் சாய்கிறது, சுருள் இரும்பில் உரசுகிறது. தாழ்ந்த சுரத்துக்குத்தான் கோன் அதிக தூரம் அசைய வேண்டும். எனவே உரசல் அப்போது பலமாகக் கேட்கிறது. விரல்களை அகல விரித்து, கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். தாளில் மணல் தேய்ப்பது போல ஓசை வந்தால் அதுதான் உரசல். அந்த ஓசை வந்தால் அதன்பின் அந்தப் பெட்டியில் பாட்டு போடவே கூடாது. உரசிக்கொண்டே ஓட்டினால் சுருளின் மேற்பூச்சு தேய்ந்து அதுவும் எரிந்துபோகும். அப்போது சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

இப்போது காந்தம். அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இருப்பது ஃபெரைட் என்ற பீங்கான் வகைக் காந்தம். பின்னால் கறுப்பாக, தடித்த வளையமாகத் தெரியும். வீட்டில் வைத்துப் பாட்டு கேட்பதால் அது சக்தி இழப்பதில்லை. உங்கள் காலத்திலும் இழக்காது, உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இழக்காது. ஓர் இரும்புத் திருப்புளியை அதன் அருகே கொண்டுபோனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். "காந்தம் வீக்" என்று சொன்னவர் முன்னாலேயே இதைச் செய்து காட்டலாம்.

நியாயமாக ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் தெரிந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஆல்நிக்கோ என்று ஒரு காந்தம் உண்டு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு கலந்து செய்வது. பெயரே அந்த மூன்றின் முதலெழுத்துகள்தான். பழைய வானொலிப் பெட்டிகளிலும் 1970களுக்கு முந்தைய உயர்ரக ஸ்பீக்கர்களிலும் இதுதான் இருந்தது. இதற்கு ஒரு பலவீனம்: பலத்த அடி பட்டாலோ, ஆம்ப்ளிஃபயரிலிருந்து அளவுக்கு மீறிய மின்னோட்டம் சுருளில் பாய்ந்தாலோ காந்தசக்தி ஓரளவு குறையும். குறைந்தால் அதற்கென்று இருக்கும் இயந்திரத்தில் வைத்து மறுபடி ஏற்றலாம், அதுவும் உண்மைதான். 1978இல் இன்றைய காங்கோவில், அன்றைய ஸயரில், சுரங்கப் பகுதியில் கலகம் வெடித்துக் கோபால்ட் விலை விண்ணுக்குப் போனது. அதற்குப் பிறகு ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் கூட்டம் கூட்டமாக ஃபெரைட்டுக்கு மாறிவிட்டார்கள். இன்றும் ஆல்நிக்கோ கிடைக்கிறது, முக்கியமாகச் சில கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில். அதன் காந்தம் பெரும்பாலும் ஓர் இரும்புக் குவளைக்குள்ளோ இரும்புச் சட்டத்துக்குள்ளோ அடங்கியிருக்கும். கறுப்பு வளையம் வெளியே தெரியாது. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், "ஆல்நிக்கோ சக்தி இழக்கும்" என்ற இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ஃபெரைட் காந்தத்துக்கும் 'சார்ஜ்' ஏற்றித் தருவதாகச் சிலர் பணம் பிடுங்குகிறார்கள். 22 ஆண்டுக்கு முன் வாங்கிய வீட்டு ஸ்பீக்கரில் ஆல்நிக்கோ இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம். உங்களுடையது ஃபெரைட் என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆயுள் எத்தனை ஆண்டு என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பீக்கருக்கென்று ஒரே ஆயுள் கிடையாது. 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் வகுத்த அமைப்புதான் இன்றும் அடிப்படையில் அப்படியே இருக்கிறது. அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயது. ஃபோம் வளையம் 10 முதல் 20 ஆண்டு. ரப்பர் வளையம் 30, 40 ஆண்டு சாதாரணமாகப் போகும். பசை தடவிய துணி வளையம் அதையும் தாண்டும். காகிதக் கோன், ஈரம் படாமல் இருந்தால் அரை நூற்றாண்டு. பெட்டிக்குள்ளே ஊஃபருக்கும், மேல்சுரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் பலகையில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் (உள்ளே ஈரம் கொண்ட மின்தேக்கிகள்) இருந்தால் 20, 30 ஆண்டில் உள்ளே உலர்ந்து மதிப்பு மாறும். மேல்சுரங்களில் பளபளப்பு குறையும். (பளபளப்பு குறைவது எப்போதும் ஸ்பீக்கரால் அல்ல. இந்த 22 ஆண்டில் நம் காதுக்கும் 22 வயது கூடியிருக்கிறது.)

கவனியுங்கள், ஃபோமின் வயது பாட்டுக் கேட்ட மணி நேரத்தால் கணக்கிடப்படுவதில்லை. காற்றின் ஈரமே அந்த ஃபோமின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. வெப்பமும் வெயிலும் அதை விரைவுபடுத்துகின்றன. ஒருவர் என்னிடம் ஒரு ஜோடி ஊஃபர் கொண்டுவந்தார். "பதினெட்டு ஆண்டாகப் பெட்டியே பிரிக்காதது, புத்தம் புதுசு" என்று சொல்லி ஒரு தரகர் நல்ல விலைக்கு விற்றிருக்கிறார். முத்திரை நாடாவை என் முன்னால்தான் அறுத்தோம். பாலித்தீன் உறையைத் தூக்கியதும் உள்ளே கோன் தனியாக ஆடியது. வளையம் முழுவதும் கறுப்புத் துகளாக உறையின் அடியில் கிடந்தது. ஒரு நிமிடம்கூடப் பாடாத ஸ்பீக்கர். 'பயன்படுத்தாத பழசு' என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழையதற்குக் கழிவு தருகிறேன் என்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபோம் மாற்றும்போது காந்தத்தின் பின்புறம் பென்சிலால் தேதி எழுதி வைப்பது என் பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், தான் வாங்கப்போகும் பழைய பெட்டிகளைச் சோதித்துத் தரச் சொன்னார். ஊஃபரைக் கழற்றித் திருப்பினேன், என் கையெழுத்து. முந்தைய சொந்தக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "காந்தம் போய்விட்டது என்று சொன்னார்கள், புதிய பெட்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்" என்றார். நான் ஃபோம் மாற்றி நான்கே ஆண்டு ஆகியிருந்தது. உண்மையில் ஒரு ஒயர் மட்டும் பற்றாசு விட்டிருந்தது. அவர் கழிவாகப் பெற்ற தொகையைப் போல ஆறு மடங்கு அந்தப் பெட்டிகளுக்கு இப்போது கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள். இங்கே கொளுத்தக்கூட இல்லை, எலி பிடிக்க வந்தவருக்கே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஃபோம்தான் போயிருக்கிறது என்றால், உங்களுக்கு வேண்டியது புதிய ஃபோம் வளையம் மட்டுமே. பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுத்து, அளவுக்கு ஏற்ற வளையத்தை ஒட்டி, காய்வதற்குள் சுருள் நடுவில் ஓடுகிறதா என்று சரிபார்க்கும் வேலை. பொறுமையுள்ள கை இருந்தால் போதும். கடையில் மூன்று விதமாக உங்களை மடக்கப் பார்ப்பார்கள். "கோனையே மாற்றிவிடலாம்" என்பது முதலாவது. சுருள் எரிந்திருந்தால் ஒழிய அது தேவையில்லை. எரிந்திருக்கிறதா என்று மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் சொல்லிவிடும். 8 ஓம் ஊஃபருக்கு 6 ஓம் அளவில் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால்தான் அறுந்திருக்கிறது. "ஃபோமுக்குப் பதில் ரப்பர் போட்டால் காலத்துக்கும் நிற்கும்" என்பது இரண்டாவது. நிற்கும், ஆனால் அந்தக் கோன் ஃபோமின் எடைக்கும் தளர்வுக்கும் கணக்கிட்டுச் செய்தது. கனமான ரப்பரை ஒட்டினால் தாழ்ந்த சுரங்களின் குணமே மாறிவிடும். மூன்றாவது, வலப்பக்கத்தை மட்டும் மாற்றித் தருவது. இரண்டும் ஒரே நாளில் செய்த ஃபோம். இடப்பக்கம் இன்று கிழியவில்லை என்றால் அடுத்த ஆண்டு கிழியும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் இரண்டும் ஒத்துப் பாடாது.

வளையம் ரப்பராக இருந்து, கிழியாமலும் இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்: பெட்டி கீழே விழுந்து காந்தத்தின் ஒட்டு விட்டு நகர்ந்திருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம், கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் தட்டிக்கொண்டிருக்கலாம். அதையும் நேரில்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு எளிய வளையத்தை, தாங்களே செய்த ஸ்பீக்கருக்கு, பல தயாரிப்பாளர்கள் உதிரிபாகமாக விற்பதில்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பத்து ஆண்டில் உதிரும் என்று தெரிந்த பொருளைப் போடுகிறார்கள். உத்தரவாத அட்டையில் 'இயல்பான தேய்மானம் சேராது' என்று பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். மாற்ற வழி கேட்டால் புதிய மாடலைக் காட்டுகிறார்கள். இப்போதைய புளூடூத் ஸ்பீக்கர்கள் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏற்றியதும் தளரும். பெட்டியைப் பசை போட்டு மூடியிருப்பதால் நல்ல ஸ்பீக்கரும் அதனோடு குப்பைக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். இதைச் செய்ய ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

எல்லாம் மீறிப் புதியதே வாங்குவதானால் ஒன்று: "நூறு மணி நேரம் ஓடினால்தான் ஒலி திறக்கும், அதுவரை குறை சொல்லாதீர்கள்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். புதிய வளையம் சில மணி நேரத்தில் தளர வேண்டிய அளவு தளர்ந்துவிடும். நூறு மணி நேரத்துக்குள் முடிவது திருப்பிக் கொடுக்கும் கெடுதான்.

பழுது பார்க்கக் கொண்டுபோகும்போது பெட்டியோடு தூக்க வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் திருகுகளைக் கழற்றி, இரண்டு ஊஃபரையும் வெளியே எடுத்து, எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கோன் மேல்நோக்கி இருக்கும்படி துணியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். கிளம்பும் முன் காந்தத்தின் பின்புறம் பென்சிலால் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள். திரும்பி வாங்கும்போது அந்த எழுத்து அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.