ஐந்து நிலைச் சுவிச்சில் இல்லாத ஒலி

கேள்வி: அண்ணா, என்னிடம் மூன்று சிங்கிள் கொயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும், ஒற்றைச் சுருள் கொண்ட காந்தம்) உள்ள, ஸ்ட்ராற்றோகாஸ்டர் மாதிரியான கிற்றார் இருக்கிறது. கழுத்துப் பிக்கப்பையும், தந்திகள் உடலில் வந்து தங்கும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பையும் சேர்த்து வாசிக்க ஆசை. பிக்கப்பைத் தெரிவுசெய்யும் ஐந்து நிலைச் சுவிச்சில் அதற்கு இடமில்லை. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா? இரைச்சலும் குறையுமா?
— வாசகர், மல்லாவி

பதில்: ஒன்றையும் கழற்ற வேண்டாம் தம்பி. சின்ன ஒன்-ஓஃப் சுவிச் ஒன்றும் இரண்டு துண்டு வயரும் போதும்.

1954இல் ஸ்ட்ராற்றோகாஸ்டர் வந்தபோது அதில் மூன்று நிலைச் சுவிச்தான். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திக் கலவை ஒலி எடுத்தார்கள். 1977இல்தான் அதைச் செய்யும் ஃபெண்டர் கொம்பனி ஐந்து நிலை போட்டது. அதிலும் பக்கத்துப் பக்கத்துப் பிக்கப்புகள்தான் சேரும்.

முன் தகட்டைத் திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கழுத்துப் பிக்கப்பின் சிக்னல் வயர் சுவிச்சில் எந்தக் காலில் (வயர் ஒட்டும் முனையில்) வந்து சேர்கிறது என்று பாருங்கள். அந்தக் காலிலிருந்து ஒரு வயர் புதுச் சுவிச்சுக்கு. புதுச் சுவிச்சின் மற்றக் காலிலிருந்து இன்னொரு வயர் வொலியூம் கொன்ட்ரோலுக்கு, அதாவது ஐந்து நிலைச் சுவிச்சின் வயர் போய்ச் சேரும் அதே காலுக்கு. வயர்களை ஒட்டும்போது ஈயம் பளபளவென்று பரவ வேண்டும். மங்கலாக உருண்டு நின்றால் மறுபடி சூடாக்குங்கள்.

இப்போது புதுச் சுவிச்சைப் போட்டால், பிரிட்ஜ் நிலையில் கழுத்துப் பிக்கப்பும் சேரும். அதற்கு அடுத்த நிலையில் மூன்றும் ஒலிக்கும். மற்ற மூன்று நிலைகளில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஆக மொத்தம் ஏழு ஒலி. தகட்டை மூடுமுன் ஆம்ப்பில் மாட்டி, ஒவ்வொரு பிக்கப்பையும் சின்ன ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று பலமாகக் கேட்டால் அது வேலை செய்கிறது.

இரைச்சல் வேறு கதை. பல கிற்றார்களில் நடுப் பிக்கப்பை மட்டும் எதிர்த்திசையில் சுற்றிக் காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். அதனால்தான் கலவை நிலைகளில் இரைச்சல் அடங்குகிறது. நீங்கள் கேட்கும் சேர்க்கையில் நடுப் பிக்கப் இல்லை, ஆகவே இரைச்சல் இருக்கத்தான் செய்யும். உட்குழியில் செப்புத் தாள் ஒட்டி ஏர்த்தோடு இணைத்தால் ரியூப் லைட்டின் கரகரப்புக் குறையும். டிரான்ஸ்போமரிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் உறுமல் அதற்கு அடங்காது. ஆம்ப்பை விட்டுத் தள்ளி நின்று, கிற்றாரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். கிற்றார்த் தந்தி ஆம்ப்பின் ஏர்த்தோடு சேர்ந்திருக்கிறது. திருவிழா மேடைகளில் ஜெனரேற்றரில் ஓடும்போது ஏர்த் இல்லாமலேயே ஆம்ப்பை மாட்டுகிறார்கள். இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் ஏர்த் வயரை வெட்டுகிறவர்களும் உண்டு. கையில் தந்தி, உதட்டில் மைக். அந்த நிலையில் ஷொக் அடித்தால் உயிர் போகும். வெட்டிய பிளக்கோடு ஆம்ப் வந்தால் நான் முதலில் அதைத்தான் சரிசெய்வேன், கிற்றாரை அப்புறம்தான் தொடுவேன்.

கேள்வி: பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) போட்டேன். வொலியூம் கொன்ட்ரோல் 250கே (கிலோ ஓம்) இருக்கட்டுமா, 500கே மாற்றவா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: 250கேயில் ஹம்பக்கரின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். 500கே போட்டால் அது திறக்கும், ஆனால் மற்ற இரண்டு சிங்கிள் கொயிலும் காதைக் குத்தலாம். நீங்கள் அதிகம் வாசிப்பது எந்தப் பிக்கப்பிலோ அதற்கு ஏற்றதைப் போடுங்கள்.