நூல் அறுந்ததற்கு வைஸ் என்ன செய்யும்?

கேள்வி: டிரவுட் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செயற்கை ஈ (ஃப்ளை) கட்டப் பழகுகிறேன். ஆறு கட்டினேன். மூன்றில் நூல் அறுந்தது. மற்ற மூன்றில் தலை பெருத்து, தூண்டில் நரம்பு கோக்கும் முள்ளின் காதே அடைந்துவிட்டது. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மட்டமானது, விலை உயர்ந்ததாக வாங்குங்கள் என்கிறார் பொருள் விற்பவர். வாங்கலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம். முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்வதைத் தவிர வைஸுக்கு வேறு வேலை கிடையாது. முள்ளை மாட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். வழுக்காமல் முள் வளைந்து கொடுத்தால் உங்கள் வைஸ் நல்ல வைஸ்.

சுற்றும்போது நூல் முள்ளின் கூரில் உரசும். கண்ணுக்குத் தெரியாமல் பாதி இழை போய், அடுத்த இழுப்பில் அறுந்துவிடும். அது இல்லையென்றால், நூல்கண்டைத் தாங்கி நூலை விடும் பாபினின் குழாய் வாயில் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. பீங்கான் வாய் வைத்த பாபின் வாங்குங்கள். காசு போக வேண்டிய இடம் அதுதான். இரண்டும் சரியென்றால் குற்றம் கையில். வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, வேண்டுமென்றே அறும்வரை இழுங்கள், பத்து முறை. எவ்வளவு தாங்கும் என்பது விரலுக்குப் பழகிவிடும்.

தலை பெருப்பது இடம் விடாததால். காதுக்குப் பின்னால், காதைப் போல இரண்டு மடங்கு இடத்தை வெறுமையாக விட்டு உடலை முடியுங்கள். 10ஆம் எண் முள்ளில் பழகுங்கள். எண் கூடக் கூட முள் சிறுக்கும்; 16, 18 எல்லாம் பிறகு.

நூலோடு மல்லுக்கட்ட முடியவில்லையா? இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் நூலே இல்லாமல், மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார். எரிந்துபோன சின்ன மோட்டாரைப் பிரித்தால் கம்பி கிடைக்கும். அதோடு மயில் தோகை இழை நான்கைந்தை முறுக்கிச் சுற்றுங்கள், பளபளவென்று வண்டு உடல் வந்துவிடும்.

மயிலா என்று பதறாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் தோகைக்கு மட்டும் விலக்கு தருகிறது. தோகை என்றால் தோகைதான். நீலக் கழுத்திறகு தோகை இல்லை, சிறகும் தோகை இல்லை. தானாக உதிர்ந்ததாக இருக்க வேண்டும். காம்பின் அடி வெட்டுப்பட்டிருந்தாலோ இரத்தக் கறை இருந்தாலோ தொடாதீர்கள். வெளிநாட்டு நண்பருக்கு ஆசையாக ஓர் உறை நிறைய அனுப்புவதும் கூடாது, ஏற்றுமதிக்குத் தடை.

நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. நீங்கள் இதில் இறங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால் ஒருவர் காட்டுக்கோழிக் கழுத்துத் தோலோடு வருவார். மெழுகுச் சொட்டு வைத்தாற்போல் புள்ளியிட்ட இறகு. சால்மன் மீனுக்கு ஃப்ளை கட்டுகிறவர்கள் அதற்காக உயிரையே விடுவார்கள். "பண்ணையில் வளர்த்தது சார்" என்று ஒரு நகல் காகிதமும் காட்டுவார். உங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் குறுக்கே ஓடுமே, அதே காட்டுப் பறவை; மயில் தோகைக்குள்ள விலக்கு இதற்குக் கிடையாது. பிடிபட்டால் அவர் கைப்பேசியை அணைத்துவிடுவார், நீங்கள் நீதிமன்றத்துக்கு நடப்பீர்கள். கறிக்கடையில் நாட்டுச்சேவல் கழுத்திறகு சும்மாவே கிடைக்கும். சோப்பு நீரில் அலசி, உலர்த்தி, உறையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சியும் இராது.

கட்டியதை எந்த ஓடையில் போடலாம் என்று அடுத்து எழுதுவீர்கள். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் கூடாது. மற்ற இடங்களுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நான் வாங்கப் போனபோது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே படிவம் தீர்ந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை போனபோது பருவமே முடிந்திருந்தது.

அடைபட்ட மூன்றையும் எறிந்துவிடாதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் தோய்த்த இறகுக் காம்பைக் காதுக்குள் விட்டு இழுங்கள், தலையில் பூசிய பசை இளகி வரும். நூல் அறுந்தவற்றை பிளேடால் முதுகில் கீறினால் முள் முழுதாகத் திரும்பக் கிடைக்கும்.