டெர்மினலில் எக்ஸ்எம்எல்: வாசகர் கேள்விகள்

கல்லூரி மாணவி, வியாசர்பாடி: சர்வர் ஓடினால்தான் பேஸ்எக்ஸில் (எக்ஸ்எம்எல் கோப்புகளில் தகவல் தேடும் மென்பொருள்) குவெரி, அதாவது தேடல் கேள்வி, போட முடியுமா?

தேவையே இல்லை. பேஸ்எக்ஸ் ஜிப்பை விரித்து, டெர்மினலில் ‘பின்’ (bin) என்ற ஃபோல்டருக்குள் போய், பேஸ்எக்ஸ் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டி, பக்கத்திலேயே குவெரியைக் கொடுங்கள், விடை வந்துவிடும். 10ஆம் பதிப்புக்கு ஜாவா 11 வேண்டும். ஒரே டேட்டாபேஸில் பலர் ஒரே நேரத்தில் எழுதும்போதுதான் சர்வர் (வழக்கமாக 1984ஆம் போர்ட்). படிக்கிற காலத்தில் அந்தத் தலைவலி எதற்கு?

ஜவுளிக் கடைக் கணக்காளர், வண்ணாரப்பேட்டை: டேலியிலிருந்து எடுத்த கோப்பு. லினக்ஸில் ‘ஃபார்’ குவெரியை ஒட்டினால் பிழை வருகிறது.

குவெரியில் குற்றமில்லை. ‘ஃபார்’ குவெரியில் டாலர் குறி வரும். இரட்டை மேற்கோளுக்குள் அதைக் கண்டால், ஷெல் (டெர்மினலில் நாம் தட்டுவதை முதலில் படிக்கும் புரோகிராம்) அதைத் தன் வேரியபிள் என்று எடுத்துக்கொள்ளும். பேஸ்எக்ஸுக்குப் போய்ச் சேருவது கைகால் போன குவெரி. லினக்ஸில் வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ட்டில் தலைகீழ். இதை மனப்பாடம் செய்வதைவிட, குவெரியை ஒரு கோப்பில் சேமித்து, கோப்பின் பெயரைக் கொடுங்கள். இன்னொன்று, டேலி கோப்பில் டேக் (கோண அடைப்புக்குள் வரும் பெயர்) எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. ‘வவுச்சர்’ என்பதைச் சின்ன எழுத்தில் தேடினால் ஒன்றும் சிக்காது.

விசைப்படகுக்காரர் மகன், காசிமேடு: அப்பா ஜிபிஎஸ்ஸில் குறித்த பார் (கடலடிப் பாறை) இடங்களை ஜிபிஎக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்தேன். நோட்பேடில் எல்லாம் இருக்கிறது. குவெரி போட்டால் பிழையும் இல்லை, விடையும் இல்லை!

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். கோப்பின் முதல் டேக்கில் எக்ஸ்எம்எல்என்எஸ் என்று ஒரு இணைய முகவரி இருக்கும். அதுதான் நேம்ஸ்பேஸ். அந்த முகவரிக்கு யாரும் போவதில்லை; அது பெயருக்கு முன் போடும் இனிஷியல் மாதிரி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஜிபிஎக்ஸ் டேக்குக்கும் அந்த இனிஷியல் உண்டு. நீங்கள் தேடுவதோ இனிஷியலே இல்லாத டபிள்யூபிடியை (குறித்த இடத்துக்கான டேக்). அப்படி ஒருவர் ஊரில் இல்லை, அதனால் வெற்று விடை. டேக் பெயருக்கு முன் நட்சத்திரமும் முக்காற்புள்ளியும் போட்டால், எந்த இனிஷியலானாலும் பிடித்துவிடும். நிரந்தரமாகப் பயன்படுத்தப்போகும் குவெரி என்றால், மேலே முதல் வரியிலேயே நேம்ஸ்பேஸை டிக்ளேர் செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

லாட், லான் (அட்சரேகை, தீர்க்கரேகை) இரண்டும் அட்ரிபியூட், அதாவது டேக்குக்குள்ளேயே எழுதும் விவரம். அவற்றுக்கு இந்த நேம்ஸ்பேஸ் ஒட்டாது, வெறுமனே எழுதலாம். ஆனால் பார் பெயர் இருக்கும் ‘நேம்’ ஒரு டேக், அதற்கு நட்சத்திரம் வேண்டும். (சரிபார்க்கச் சொல்லிக் கோப்பை எனக்கு அனுப்பிவிடாதீர்கள். பார் எங்கே என்பது அப்பாவின் தொழில் ரகசியம்.)

எண்ணூர் வாசகர்: ஒரு டேக்கை நீக்க ‘டெலீட் நோட்’ (delete node) கொடுத்தும் கோப்பு மாறவில்லை.

பேஸ்எக்ஸ் கட்டளையில் ஹைஃபன் ‘ஐ’ (-i) போட்டுத் திறந்த கோப்பு மெமரியில் மட்டுமே மாறும். டிஸ்க்கில் எழுத ஹைஃபன் சின்ன ‘யு’ (-u) சேர்க்க வேண்டும். முதலில் நகல் எடுத்துவிடுங்கள், இதற்கு அன்டூ கிடையாது.

பெரம்பூர் வாசகர்: விண்டோஸ் திரையில் தமிழெல்லாம் கேள்விக்குறி.

முதலில் கமாண்ட் ப்ராம்ட்டில் சிஎச்சிபி 65001 (chcp 65001) கொடுத்துவிட்டு, பிறகு குவெரியை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் எழுத்து குலைந்து தெரிந்தால், ஹைஃபன் சின்ன ‘ஓ’ (-o) மூலம் விடையைக் கோப்பில் எழுதி எடிட்டரில் திறங்கள்.