நிமோனியாவுக்குக் கதிர்வீச்சு கேட்டு வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. கொரோனா நிமோனியாவாக மாறி, மருத்துவமனையில் ஆக்சிஜனில் இருக்கிறார். நுரையீரலுக்கு ஒரே ஒரு முறை குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுத்தால் இரண்டே நாளில் ஆக்சிஜனை எடுத்துவிடலாம் என்கிறார் உறவினர். டாக்டரிடம் வற்புறுத்தலாமா?

கேளுங்கள், தப்பே இல்லை. வற்புறுத்த மட்டும் வேண்டாம்.

உங்கள் உறவினர் இல்லாததைச் சொல்லிவிடவில்லை. பென்சிலின் வருவதற்கு முன்னால், 1905 முதல் 1940கள் வரை நிமோனியாவுக்கு எக்ஸ்ரே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பலர் தேறியதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அந்தப் பழைய யோசனை மறுபடி எழுந்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் முதலில் 5 பேருக்கு 1.5 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) கொடுத்தார்கள், அதில் 4 பேருக்குச் சீக்கிரமே ஆக்சிஜன் தேவை போய்விட்டது. உறவினர் காதுக்கு வந்தது இப்படி ஒரு செய்தியாகத்தான் இருக்கும்.

இந்த அளவு கதிர்வீச்சு வைரஸைக் கொல்லாது. வைரஸை எதிர்க்கக் கிளம்பிய நம் நோய் எதிர்ப்பு செல்களே அளவு மீறி நுரையீரலைப் புண்ணாக்கும்போது, அந்த அழற்சியைத் தணிக்கத்தான் இது. புற்றுநோய்க்குப் பல வாரங்களில் மொத்தமாக 60 கிரே, சிலருக்கு அதற்கு மேலும்கூடக் கொடுப்பார்கள், இங்கே அரை கிரேயிலிருந்து ஒன்றரை வரைதான். யோசனை நியாயமானதுதான், ஆனால் கொரோனா நோயாளிகளில் பெரும்பாலானோர் கதிர்வீச்சே இல்லாமலும் தேறுகிறார்கள் அல்லவா, அப்படியிருக்க அந்த 4 பேர் எதனால் தேறினார்கள் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் வென்டிலேட்டரில் இருந்த 22 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு 1 கிரே கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுப்பதுபோல் பாவனை மட்டும். வென்டிலேட்டர் இல்லாமல் இருந்த நாட்களில் வித்தியாசமே தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், அதுவும் நோய் முற்றியவர்களிடம். இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்த்த இடத்தில் பலன் தெரியவில்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு 64 வயதில் பெரிய கவலை இல்லை, 30 வயதுக்காரர் என்றால் நிறைய யோசிப்பேன். அப்பா விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது, மூச்சுக்குத் திணறுகிற ஒருவரை வார்டிலிருந்து கதிர்வீச்சு அறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதுதான், ஏனென்றால் சிகிச்சை நடக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்க முடியாது.

நிரூபணமான மருந்து கையிலேயே இருக்கிறது. 2020இல் இங்கிலாந்தில் நடந்த ரெகவரி ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு தினம் 6 மில்லிகிராம் கொடுத்ததில், ஆக்சிஜனில் இருந்தவர்களின் மரணம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. (இது கொரோனாவுக்கு மட்டும். இன்ஃப்ளூயன்சா நிமோனியாவில் ஸ்டீராய்டு கெடுதலாகவும் முடியலாம்.)

அதனால் டாக்டரைப் பார்க்கும்போது ஸ்டீராய்டு தொடங்கியாகிவிட்டதா, எத்தனை நாள் கொடுப்பார்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்களா, ஆக்சிஜன் தேவை நேற்றைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் கதிர்வீச்சைப் பற்றியும் கேளுங்கள். அங்கே முறையான அனுமதியோடு ஆய்வு நடந்தால், ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்துவிட்டு, அப்பா பேசும் நிலையில் இருந்தால் அவரிடமும் கேட்டு முடிவெடுங்கள். ஆய்வு எதுவும் இல்லாமல் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஒத்துக்கொள்ளாதீர்கள்.